கரை திரும்பாத படகும் எழுதப்படாத நாவலும்

நடுக்கடலில் சிக்கிக்கொண்ட ஓர் இளைஞன் எப்படி உயிர் தப்பினான் என்று சொல்லும் நாவலுக்கு உலகெங்கும் வாசகர்கள் உண்டு. பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளை ஒரே மூச்சில் வாசித்து முடிக்கும் வகை அது. கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, பொத்துவில் என்று நீளும் எங்கள் கிழக்கிலங்கைக் கரையில் "கடலுக்குச் சென்ற மீனவர்கள் கரை திரும்பவில்லை" என்ற செய்தி எவருக்கும் புதிதல்ல. சில நாட்கள் பத்திரிகையில் வரும், ஜும்ஆவுக்குப் பின் துஆ கேட்கப்படும், பிறகு அவர்கள் மீண்டார்கள் என்றோ எந்தத் தகவலும் இல்லை என்றோ செய்தி முடிந்துவிடும். அந்தச் செய்திக்குள் இருக்கும் பதினெட்டு வயதுப் பையனை நாயகனாக வைத்த இளையோர் நாவல், என் வாசிப்புக்கு எட்டியவரை, இந்தக் கரையிலிருந்து வரவில்லை. ஏன் வரவில்லை, வந்தால் அது எப்படி இருக்கவேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் விசாரணை.

இந்த வகையின் வேர் ஐரோப்பாவில்தான் இருக்கிறது என்று நம் பாடசாலைகளில் பலரும் நினைக்கிறார்கள். 1719இல் வெளிவந்த டானியல் டீஃபோவின் 'ராபின்சன் குரூசோ'வோடு கதை தொடங்குவதாகக் கற்பிக்கிறோம். அதற்கு ஐந்து நூற்றாண்டுகளுக்கும் மேல் முன்பு, அந்தலூசியாவின் முஸ்லிம் தத்துவ அறிஞர் இப்னு துபைல் 'ஹய் இப்னு யக்ழான்' என்ற கதையை அரபியில் எழுதிவிட்டார். பெட்டியில் வைத்துக் கடலில் விடப்பட்ட குழந்தை, இந்தியாவைச் சார்ந்த தீவுகளுள் ஒன்றில், பூமத்திய ரேகைக்கு அருகே கரை ஒதுங்குகிறது. மான் ஒன்று பால் கொடுத்து வளர்க்கிறது. மனிதரையே காணாமல் வளரும் அந்தப் பிள்ளை, தன் அறிவாலேயே இறைவனைக் கண்டடைகிறது. 1671இல் இது இலத்தீனிலும், 1708இல் அரபியிலிருந்து நேரடியாக ஆங்கிலத்திலும் வந்தது. குரூசோ வருவதற்குப் பதினொரு ஆண்டுகள் முன்பு. டீஃபோ இதை வாசித்திருக்கலாம் என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு.

இன்னொரு தொடர்பு நமக்கு இன்னும் பக்கத்தில் இருக்கிறது. புயலில் பாய்மரம் முறிந்த 'ஆன்' என்ற ஆங்கிலக் கப்பல், 1660இல் திருகோணமலைக்குத் தெற்கே, மூதூர்ப் பக்கமுள்ள கொட்டியாரக் குடாவில் தங்கியது. அதில் வந்த ராபர்ட் நொக்ஸ், கப்பல் தலைவரின் மகன். அப்போது அவருக்கு வயது பத்தொன்பது. கண்டி மன்னனின் ஆட்கள் பிடித்துச் செல்ல, தகப்பன் சிறையிருப்பிலேயே இறந்துபோனார். மகன் பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, 1679இல் மன்னார்ப் பக்கமுள்ள அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குத் தப்பி ஓடினார். 1681இல் அவர் எழுதி வெளியிட்ட இலங்கை வரலாறு, குரூசோ பாத்திரத்துக்கு ஊட்டம் தந்த நூல்களில் ஒன்று என்பது இலக்கிய வரலாற்றில் பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. தகப்பனை இழந்து அந்நிய மண்ணில் வளர்ந்த அந்த இளைஞனின் கதை நம் கிழக்குக் கரையில் தொடங்கியது. அதை நாவலாக்கிப் பெயர் பெற்றவர்கள் வேறு யாரோ.

இருபதாம் நூற்றாண்டில் இந்த வகை இளையோருக்கென்றே தனிக் கிளையாக வளர்ந்தது. தியடோர் டெய்லரின் 'தி கே' (1969), கேரி போல்சனின் 'தி வொயேஜ் ஒஃப் த ஃபுரொக்' (1989), மைக்கல் மோர்பர்கோவின் 'கென்சுகேஸ் கிங்டம்' (1999) என்று பெயர்கள் நீளும். இலங்கையில் குடியேறி வாழ்ந்த ஆதர் சி. கிளார்க் கூட 1963இல் 'டொல்பின் ஐலண்ட்' என்று ஒன்று எழுதினார். கப்பல் மூழ்கியபின் பெட்டியொன்றைப் பற்றி மிதக்கும் சிறுவனை டொல்பின்கள் தீவுக்குத் தள்ளிக்கொண்டு போகின்றன. நம் கடலில் சுழியோடியவர் தன் கதைக்கு அவுஸ்திரேலியக் கடலைத் தேர்ந்தெடுத்தார் என்பது எனக்கு இன்றும் மனக்குறைதான். பாண்டிச்சேரிப் பையன் பை பட்டேலை 227 நாட்கள் புலியோடு மிதக்கவிட்ட யான் மார்ட்டலின் 'லைஃப் ஒஃப் பை' 2002இல் புக்கர் பரிசு பெற்றது. பத்து ஆண்டு கழித்து ஆங் லீ அதைப் படமாக்கினார். தமிழ் மண்ணில் பிறந்து வளர்ந்த பிள்ளையின் கடற்கதையும் கனடாவில் ஆங்கிலத்தில்தான் எழுதப்பட்டது.

தமிழில் முன்னோடி இல்லை என்று யாரும் சொல்லமுடியாது. மணிமேகலையில் வரும் சாதுவன் கதையை எடுத்துப் பாருங்கள். சூதிலும் கணிகையிடமும் பொருளைத் தொலைத்த இளைஞன், வணிகரோடு கப்பலேறுகிறான். புயலில் கப்பல் உடைகிறது. முறிந்த மரத்தைப் பற்றிக்கொண்டு நாகர் வாழும் மலைப்பக்கம் கரை சேர்கிறான். அவர்கள் ஆளைத் தின்பவர்கள். அவனுக்கு அவர்களுடைய மொழி தெரிந்திருந்ததால் உயிர் மிஞ்சுகிறது. இதே காதையின் மறுபாதி காவிரிப்பூம்பட்டினத்தில் நடக்கிறது. கணவன் இறந்தான் என்ற செய்தி கேட்ட ஆதிரை தீயில் இறங்குகிறாள், தீ அவளைச் சுடவில்லை, பிறகு அவன் வருகிறான். கடலில் மிதப்பவனையும் கரையில் காத்திருப்பவளையும் ஒரே கதையில் வைத்த இந்தக் கட்டமைப்புதான் நம்முடையது என்று நான் நினைக்கிறேன். குரூசோவின் கதையில் கரை என்று ஒன்று பேருக்குத்தான் இருக்கிறது. அவனுக்காக அழுதவர்கள் யாரென்று வாசகனுக்குத் தெரியாது.

நவீன நாவலில் இந்த விஷயத்துக்கு மிக நெருங்கி வந்தது ஜோ டி குரூஸின் 'ஆழி சூழ் உலகு' (2004). நெல்லைக் கரையின் பரதவர் வாழ்வை மூன்று தலைமுறைக்கு விரிக்கும் அந்த நாவலின் முதுகெலும்பே, கட்டுமரம் உடைந்து நடுக்கடலில் தத்தளிக்கும் மூன்று பேர்தான். இரு முதியவர்கள், ஓர் இளைஞன். இளையவன் பிழைக்கவேண்டும் என்பதற்காக மூத்தவர்கள் தங்கள் உயிரை விட்டுக்கொடுக்கிறார்கள். மேற்கத்திய இளையோர் நாவலில் பையன் தன் கெட்டித்தனத்தால் பிழைக்கிறான். இங்கே பிறர் கொடுத்த உயிரால் பிழைக்கிறான். அந்தப் பாரத்தோடு கரையேறுவது என்றால் என்ன என்பதை அதே வயது வாசகனுக்குச் சொல்லும் நாவல் இன்னும் தேவைப்படுகிறது. ஜோ டி குரூஸ் எழுதியது பெரியவர்களுக்கான, கனமான நாவல்.

ஈழத்தில் செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' (1973) நெடுந்தீவின் மீனவரை எழுதியது, 1978இல் திரைப்படமுமானது. தமிழக முஸ்லிம் கரையை எழுதியவர் தோப்பில் முஹம்மது மீரான். எங்கள் பகுதியில் நீலாவணன், எம்.ஏ. நுஃமான், மருதூர்க்கொத்தன், சோலைக்கிளி, அனார் என்று ஒரு பெரிய மரபே உண்டு. அந்த மரபின் பலம் கவிதையிலும் சிறுகதையிலும் இருக்கிறது. நாவல் குறைவு. பதின்ம வயதினரை மனதில் வைத்து எழுதிய நாவல் அதைவிடக் குறைவு. காரணங்களைத் தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை. முப்பது ஆண்டு யுத்தம் எழுத்தாளனின் கவனத்தை எடுத்துக்கொண்டது. பிள்ளைகளுக்கு எழுதுவது என்றால் பாட்டும் நீதிக்கதையும் என்ற எண்ணம் பதிப்பாளரிடமும் ஆசிரியரிடமும் ஊறிப்போயிருக்கிறது. பதினைந்து வயதுக்காரன் சாவைப் பற்றி வாசிக்கக்கூடாது என்று நினைப்பவர்களும் நம்மிடையே உண்டு. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஞாயிறு காலை அந்த வயதுப் பிள்ளைகள் இந்தக் கரையில் எதைக் கண்டார்கள் என்பதை அவர்கள் ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்கட்டும். இலங்கையில் வேறெந்த மாவட்டத்தையும்விட அதிகமாக, பத்தாயிரத்துக்கு மேற்பட்டோரைச் சுனாமி அம்பாறையில் கொண்டுபோனது. மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது கரையோரத் தெருக்கள் தெருத்தெருவாக இல்லாமற்போயின. கல்முனை வைத்தியசாலையில் அன்று சேர்க்கப்பட்ட 81ஆவது ஆளான கைக்குழந்தையை உலகமே 'குழந்தை 81' என்று அறிந்தது. யாருடைய பிள்ளை என்பதை மரபணுப் பரிசோதனைதான் தீர்த்தது. அதே அலை இந்தோனேசியாவின் அச்சேயில் கடலுக்குள் இழுத்த இளைஞர் ஒருவர், பதினைந்து நாட்கள் மிதந்தபின் சரக்குக் கப்பலொன்றால் மீட்கப்பட்டார்.

நிஜவாழ்வில் தப்பியவர்களின் கதைகள் நாவலாசிரியனுக்குப் பெரிய பள்ளிக்கூடம். இரண்டாம் உலகப்போரில் கப்பல் தகர்க்கப்பட்ட சீன மாலுமி பூன் லிம் 133 நாட்கள் தனியே மிதவையில் இருந்தார். கைவிளக்கின் கம்பிச் சுருளைத் தூண்டில் முள்ளாக வளைத்தார். 2012 நவம்பரில் மெக்சிக்கோக் கரையிலிருந்து சென்ற ஹொசே சல்வடோர் அல்வரெங்கா, 2014 ஜனவரியில் மார்ஷல் தீவுகளில் கரை ஒதுங்கினார். அவரோடு போன இளைஞனால் பச்சை இறைச்சியைத் தின்னமுடியவில்லை. அவன் இடையிலேயே இறந்துபோனான். 2018இல் இந்தோனேசியாவின் சுலவேசிப் பக்கம், கடலில் நங்கூரமிட்ட மீன்குடிலில் விளக்கேற்றும் வேலை பார்த்த பதின்ம வயதுப் பையனின் கயிறு அறுந்தது. 49 நாட்கள். குடிலின் பலகையை உடைத்து எரித்து மீன் சுட்டான். தாகம் தாங்காதபோது தன் உடுப்பில் நனைத்த கடல்நீரை உறிஞ்சினான். கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாக அவனைக் காணாமலே கடந்துபோயின. கடைசியில் குவாம் தீவுப் பக்கம் ஒரு கப்பல் நின்றது. டொங்காவின் ஆறு பள்ளி மாணவர்கள் 1965இல் படகெடுத்துக் கடலில் வழிதவறி, ஆளில்லாத அட்டா தீவில் பதினைந்து மாதங்கள் ஒற்றுமையாக வாழ்ந்து மீண்டார்கள். வில்லியம் கோல்டிங் 'லோர்ட் ஒஃப் த ஃபிளைஸ்' நாவலில், தீவில் தனித்துவிடப்பட்ட பையன்கள் ஒருவரையொருவர் கொல்வதாக எழுதினார். நிஜப் பையன்கள் முறைபோட்டு நெருப்பைக் காத்தார்கள், கால் முறிந்தவனுக்குக் கட்டுப்போட்டார்கள். எனக்கு நிஜம்தான் பெரிய கதையாகத் தெரிகிறது.

இனி எங்கள் கடலுக்கு வருவோம். நாவலாசிரியன் இங்கே கண்டுபிடிக்கவேண்டியது அதிகமில்லை. பார்த்து எழுதினால் போதும். கரையில் இழுத்து வைத்திருக்கும் சிறிய பைபர் படகொன்றை எட்டிப் பாருங்கள். பின்பக்கம் மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சின். அதற்குப் பக்கத்தில் எண்ணெய்க் கேன், தண்ணீர்க் கேன். இரண்டும் ஒரே நிறப் பிளாஸ்டிக்காகவும் இருக்கலாம். ஐஸ் போட்ட றெஜிபோம் பெட்டி, நைலோன் வலை, கயிறு, ஒரு டோர்ச் லைற், பிளக் கழற்றும் சாவி, பொலித்தீன் பையில் சோறு. அவ்வளவுதான். பலநாட் கலங்களில் தொலைத்தொடர்புக் கருவிகள் உண்டு. இந்தச் சிறிய படகில் இருப்பவனுக்குக் கைத்தொலைபேசிதான், கரையை விட்டுத் தூரம் போனால் அதுவும் இல்லை. எஞ்சின் நின்றுவிட்டால் அந்தப் பொருட்கள் ஒவ்வொன்றுக்கும் வேறு வேலை வருகிறது. றெஜிபோம் மூடி நிழலாகும். பொலித்தீன் மழைநீர் பிடிக்கும். ஐஸ் உருகிய தண்ணீர், மீன் நாற்றமடித்தாலும், முதல் இரண்டு நாளைக்கு உயிர்.

கடல்நீரை ஏன் குடிக்கக்கூடாது என்பதை இந்த ஒரு படகை வைத்தே பிள்ளைகளுக்கு விளக்கலாம். ஒரு லீற்றர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு. நம் சிறுநீரகம் ஒரு லீற்றர் சிறுநீரில் வெளியேற்றக்கூடியது ஏறக்குறைய 20 கிராம்தான். குடித்ததைவிட அதிகமான தண்ணீரை உடலிலிருந்து இழந்துதான் அந்த உப்பைக் கழுவமுடியும். குடிக்கக் குடிக்கத் தாகம் கூடிப் புத்தி தடுமாறும்.

காற்றையும் எழுதவேண்டும். மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று எங்கள் வீடுகளில் புழுதியை நிரப்பும். எஞ்சின் செத்த படகை அதே காற்று கரையிலிருந்து வெளியே தள்ளும். தென்மேற்குப் பருவத்தில் இலங்கையின் தெற்கைச் சுற்றிக் கிழக்கே ஓடும் நீரோட்டம் வங்காள விரிகுடாவுக்குள் வளைகிறது. கல்முனைக்கு ஏறக்குறைய நேர் கிழக்கே, சுமார் 1,300 கிலோமீற்றர் தொலைவில் நிக்கோபார்த் தீவுகள் இருக்கின்றன. மணிக்கு ஒரு கடல்மைல் வேகத்தில் இழுபட்டால் நாளொன்றுக்கு 44 கிலோமீற்றர். நேர்கோட்டில் போனால் முப்பது நாள். கடல் நேர்கோட்டில் கொண்டுபோவதில்லை, சுழற்றிச் சுழற்றித்தான் கொண்டுபோகும். இரவில் துருவ நட்சத்திரம் இந்த அகலாங்கில் அடிவானத்துக்கு மேலே ஏழு பாகைதான் நிற்கும். அரபு மாலுமிகள் 'கமால்' என்ற பலகையை நூலில் கட்டி, அந்த உயரத்தை விரற்கணக்கில் அளந்தார்கள். நீட்டிய கையில் நாலு விரலுக்குச் சற்று மேல் என்றால், தான் இன்னும் ஊரின் நேர்க்கோட்டில் இருக்கிறேன் என்று பையன் அறிவான். மூத்தப்பா ஒருவர் அதைச் சொல்லிக்கொடுத்திருந்தால்.

இந்தக் கரையின் நாவல் வேறெந்தக் கரையின் நாவலிலிருந்தும் பிரிந்து நிற்கும் இடம் மார்க்கம். இதை அலங்காரமாகச் சேர்த்தால் கதை கெட்டுவிடும். மார்க்கம் அங்கே அன்றாடத் தீர்மானங்களாக வரவேண்டும். எங்கள் பிள்ளைகள் மதரசாவில் முதலில் கேட்கும் கடற்கதையே யூனுஸ் நபியுடையது. மீன் வயிற்றின் இருளில் அவர் கேட்ட துஆவை மனனம் செய்யாத பிள்ளை இங்கே அரிது. கரையில் ஒதுக்கப்பட்டபின் அவருக்கு நிழலாக இறைவன் சுரைக்கொடியை முளைக்கச் செய்தான் என்கிறது குர்ஆன். வெயிலில் தோல் உரிந்தவனுக்கு முதல் தேவை நிழல் என்பதை எந்த மாலுமியும் ஒப்புக்கொள்வான். இன்னொன்று: கடலில் போகும்போது கொஞ்சத் தண்ணீர்தான் கொண்டுபோகிறோம், அதில் தொழுகைக்கு வுழூச் செய்தால் தாகத்தில் வாடுவோம், கடல்நீரில் வுழூச் செய்யலாமா என்று ஒருவர் நபிகளாரிடம் கேட்டதாக ஹதீஸ் உண்டு. கடல்நீர் தூய்மையானது, அதில் செத்ததும் ஆகுமானது என்ற கருத்தில் பதில் கிடைத்தது. கடலோடி ஒருவரின் கேள்வியிலிருந்து பிறந்த சட்டம் அது. தண்ணீர்க் கேனை வைத்துக்கொண்டு தவிக்கும் பையனுக்கு அந்தச் சட்டம் எவ்வளவு பெரிய ஆறுதல்!

ஆமை வந்து படகில் முட்டினால்? ஷாபிஈ மத்ஹபின் பிரபலமான கருத்துப்படி ஆமை உண்ண ஆகாது. இலங்கைச் சட்டமும் கடலாமையைப் பாதுகாக்கிறது. உயிர் போகும் நிர்ப்பந்தத்தில் ஆகாதது ஆகுமாகும் என்பதும் அதே மார்க்கம்தான். எந்த நாளில் நிர்ப்பந்தம் தொடங்குகிறது என்று இருவர் படகில் வாதிடும் ஓர் அத்தியாயத்தை என்னால் கற்பனை செய்யமுடிகிறது. "சாச்சா, இண்டைக்கு இல்ல, நாளைக்குப் பாப்போம்" என்று பையன் சொல்ல, நாளைக்கு இருப்போமா என்று சாச்சா யோசிக்கிறார். மரக்கறி உண்பவனான பை முதல் மீனைக் கொன்றபோது அழுதான். எங்கள் பையனின் அழுகை வேறு காரணத்துக்கு.

தொழுகைக்குத் திசை வேண்டும். எங்கள் கரைக்குக் கிழக்கே எங்கு மிதந்தாலும் கிப்லா மேற்கே, சற்று வடக்காக. ஊரும் மேற்கே. சூரியன் இறங்கும் பக்கம் பார்த்துத் தக்பீர் கட்டும் ஒவ்வொரு மஃரிபும் அவன் உம்மாவின் வீட்டை நோக்கி நிற்கிறான். மேற்குக் கரையின் மீனவனுக்கு இது வாய்க்காது. அவனுக்குக் கிப்லா திறந்த கடலின் பக்கம்.

கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசலில் ஆண்டுதோறும் நாகூர் ஷாஹுல் ஹமீத் வலியுல்லாஹ்வின் பெயரில் கொடியேறுகிறது. கடலில் ஓட்டையான கப்பலை அவர் தம் கண்ணாடியை எறிந்து அடைத்துக் காப்பாற்றினார் என்பது மரபுக் கதை. இந்தக் கொடியேற்ற வழக்கத்தை ஏற்காதவர்களும் ஊரில் உண்டு. நாவலாசிரியன் இரு தரப்பையும் ஒரே படகில் ஏற்றலாம். அந்த உரையாடல் கரையில் நடப்பதைவிடக் கனிவாக இருக்கும் என்று நம்புகிறேன்.

கரையின் பாதியை எழுதுவது பெண்களைத் தெரிந்தவர்களால்தான் முடியும். கிழக்கின் முஸ்லிம்களிடையே தாய்வழிக் குடிமுறையும், மணமான மகளுக்கு வீடு கொடுத்து மருமகனை அங்கே வாழவைக்கும் வழக்கமும் உண்டு. அக்கரைப்பற்றில் நெடுங்காலம் ஆய்வு செய்த டெனிஸ் மெக்கில்வ்ரே 2008இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாக எழுதியிருக்கிறார். ஆகவே காத்திருக்கும் வீடு பெண்ணின் வீடு. காணாமற்போனவனுக்கு, உடல் இல்லாமல் தொழும் காயிப் ஜனாஸாவை எப்போது தொழுவது? தொழுதால் அவன் மௌத்தாகிவிட்டான் என்று ஊர் ஒப்புக்கொண்டதாகும். உம்மா சம்மதிக்கமாட்டா. கணவன் காணாமற்போன பெண் எவ்வளவு காலம் காத்திருக்கவேண்டும் என்பதில் மத்ஹபுகள் வேறுபடுகின்றன. மாலிக்கி மத்ஹப் நான்கு ஆண்டு என்கிறது. பதினாறு வயதுத் தங்கச்சி ஒருத்தியின் குரலில் இந்தப் பாதியை எழுதலாம். காக்கா கடலில், மைனி இருப்பது விதவையின் இத்தாவா, வெறும் காத்திருப்பா என்று தெரியாத நிலையில், வீட்டைக் கொண்டு நடத்துபவள் அவள்.

இன்னொரு கூட்டத்தாரை மறந்தால் இந்த ஆய்வு முழுமையாகாது. 2013 பெப்ரவரியில் இலங்கைக் கடற்படை கிழக்குக் கடலில், மூழ்கிக்கொண்டிருந்த மரப்படகிலிருந்து 138 பேரை மீட்டது. மியன்மார், பங்களாதேஷ் பக்கத்திலிருந்து வந்தவர்கள். அதே மாதம், கரைக்கு வெகுதூரத்தில் இன்னொரு படகிலிருந்து 32 பேர் மீட்கப்பட்டார்கள். ஏறக்குறைய இரண்டு மாதங்கள் மிதந்ததில், தங்களோடு வந்த நூறு பேரளவில் பசியாலும் தாகத்தாலும் இறந்ததாக அவர்கள் சொன்னார்கள். 2024 டிசம்பரில் முல்லைத்தீவுக் கரைக்கு நூற்றுக்கு மேற்பட்ட ரோஹிங்கியர் வந்தார்கள். நம்மைப் போலவே கலிமாச் சொல்லும் பிள்ளைகள், நம் கடலிலேயே தாகத்தால் இறந்திருக்கிறார்கள். எங்கள் நாவலின் பையன், தன் கேனில் கால்வாசித் தண்ணீர் மிஞ்சியிருக்கும்போது அப்படியொரு படகைச் சந்தித்தால் என்ன செய்வான்? இந்தக் கேள்வி குரூசோவுக்கு வரவே இல்லை.

இதையெல்லாம் எழுதத் தேவையான ஆட்கள் நம்மிடம் இருக்கிறார்கள். ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது, அதன் தமிழ்த்துறை மாணவர்களில் பலர் கரையோர வீட்டுப் பிள்ளைகள். கடலில் நாட்கணக்காகத் தத்தளித்து மீண்டவர்கள் ஊருக்கு ஊர் உயிரோடு இருக்கிறார்கள், வயதாகிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுடைய சொல்லை, அவர்களுடைய பேச்சிலேயே, ஒலிப்பதிவாகச் சேர்ப்பதை ஒரு துறை ஏற்றெடுக்கவேண்டும். எத்தனையாவது நாளில் பேச்சு நின்றது, எதைக் கனவு கண்டார்கள், கப்பல் காணாமல் கடந்தபோது யார் முதலில் அழுதார் என்பவற்றை எந்தப் பத்திரிகைச் செய்தியும் எழுதவில்லை. பதிப்பகங்கள் இளையோர் நாவலுக்கென்று ஒரு வரிசையைத் தொடங்கட்டும். பாடசாலை நூலகங்கள் அதை வாங்கட்டும். எழுதும் தம்பி தங்கச்சிமாரே, உங்கள் தெருவில் அப்படி மீண்டுவந்த ஒருவர் இருந்தால், இந்தக் கிழமையே போய் அவரோடு உட்கார்ந்து கேளுங்கள்.